கோல்ட் ஏர் இன்டேக் மாட்டினால் டிரக் என்ஜினுக்கு உண்மையில் பலன் உண்டா?

தம்பி, படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஹூஸ்டனில் 2017 ஷெவர்லே சில்வராடோ ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கியிருக்கிறீர்கள். 5.3 லிட்டர் வி8 பெட்ரோல் என்ஜின். கடைக்காரர் 400 டாலருக்கு ஒரு கோல்ட் ஏர் இன்டேக் செட்டை, அதாவது என்ஜினுக்குக் குளிர்ந்த வெளிக்காற்றைத் தரும் என்று விற்கும் ஃபில்டரையும் குழாயையும் காட்டி, 15, 20 குதிரைத்திறன் கூடும், மைலேஜும் ஏறும் என்கிறார். போடலாமா என்பது உங்கள் கேள்வி. கூடவே, நாமக்கல்லில் லாரி வைத்திருக்கும் உங்கள் மாமா இதைக் கேள்விப்பட்டு, "நம்ம வண்டிக்கும் அப்படி ஒண்ணு போட்டா டீசல் மிச்சமாகுமா?" என்று கேட்டிருக்கிறார்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் சில்வராடோவில், ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்து என்ஜினை 5,000 ஆர்பிஎம்முக்கு மேலே ஏற்றும் அந்தச் சில நொடிகளில் ஐந்தாறு குதிரைத்திறன் கிடைக்கலாம். மற்ற நேரமெல்லாம் ஒன்றும் மாறாது. மைலேஜ் ஏறாது. மாமாவின் லாரிக்கு அந்த ஐந்தாறு கூடக் கிடைக்காது, தூசி உள்ளே போய் பிஸ்டனின் ரிங்கும் சிலிண்டரின் உள்சுவரான லைனரும் தேய்ந்தால் நஷ்டம்தான். என்ஜின் சோதனைக்கூடத்தில் 14 வருடம் காற்றையும் எரிபொருளையும் அளந்தவன் நான். அந்த வேலைக்கு வருவதற்கு முன் என் சொந்தக் காசில் இப்படி ஒரு செட்டை வாங்கி மாட்டியும் இருக்கிறேன். அதனால் கணக்கையும் சொல்கிறேன், பட்டதையும் சொல்கிறேன்.

முதலில் உங்கள் வண்டியின் பானெட்டைத் திறந்து ஏர் ஃபில்டர் பெட்டியைப் பாருங்கள். அந்தப் பெட்டிக்குக் காற்று எங்கிருந்து வருகிறது என்று விரலால் தடவிக்கொண்டே போங்கள். பெட்டியின் வாய் என்ஜின் பக்கம் திறந்திருக்காது. முன் கிரிலின் ஓரமாகவோ ஃபெண்டரின் உள்குழிக்குள்ளோ போய் முடியும். கடந்த முப்பது வருடத்தில் வந்த பிக்கப் வண்டிகளில் பெரும்பாலும் இப்படித்தான். அதாவது வண்டியைச் செய்தவர்களே வெளிக்காற்றைத்தான் கொடுத்திருக்கிறார்கள். 'கோல்ட் ஏர்' என்று பெயர் வைத்து விற்கப்படும் செட்டுகளில் பல, இந்த மூடிய பெட்டியைக் கழற்றிவிட்டு ரேடியேட்டருக்குப் பின்னால், என்ஜினுக்குப் பக்கத்தில், கூம்பு வடிவ ஃபில்டர் ஒன்றைத் திறந்தவெளியாக வைக்கின்றன. நடுவே ஒரு தகரத் தடுப்பு இருக்கும். அந்தத் தகரத்தைச் சுற்றிக்கொண்டு சூடான காற்று வரத்தான் செய்யும்.

என்னிடம் அப்போது இருந்ததும் ஒரு 5.3 தான், உங்களுடையதைவிடப் பழைய தலைமுறை. வண்டியின் கணினியைப் படிக்க உதவும் ஓபிடி பிளக்கில் ஒரு சின்ன ரீடரை மாட்டி இன்டேக் காற்றின் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே ஒரு வாரம் ஓட்டினேன். வெளியே 36 டிகிரி செல்சியஸ். கம்பெனிப் பெட்டியோடு ஐ-10 நெடுஞ்சாலையில் போகும்போது 40, 41 காட்டியது. புது செட்டை மாட்டியபின் அதே சாலையில் 43. சிக்னலில் நாலைந்து நிமிடம் நின்றபின் 60-ஐத் தாண்டிவிட்டது. குளிர்ந்த காற்றுக்கு என்று காசு கொடுத்து, பழையதைவிடச் சூடான காற்றை வாங்கியிருந்தேன்.

சரி, இன்னும் நல்ல செட், மூடிய பெட்டியோடு வருவது, வெளிக்காற்றை மட்டுமே இழுப்பது என்று வைத்துக்கொள்வோம். அதிலும் என்ன கிடைக்கும்? காற்றின் அடர்த்தி கெல்வின் வெப்பநிலைக்குத் தலைகீழாகப் போகும். 41 டிகிரி என்பது 314 கெல்வின். அதை 36-க்கு இறக்கினால் அடர்த்தி 1.6 சதவீதம் கூடும். அதுகூட முழுசாகச் சிலிண்டருக்குப் போய்ச் சேராது. இன்டேக் மேனிஃபோல்டு, ஹெட், வால்வு என்று சூடான உலோகத்தைத் தொட்டுக்கொண்டே போகும் காற்று வழியிலேயே சூடேறிவிடும். ஆக, வெப்பநிலையால் வரும் லாபம் ஒரு சதவீதத்தைச் சுற்றித்தான் நிற்கும்.

அடுத்தது காற்றுத் தடை. கடைக்காரர் இதைத்தான் அழுத்திச் சொல்லியிருப்பார்: கம்பெனிப் பெட்டி என்ஜினின் மூச்சை அடைக்கிறது, இது திறந்துவிடும் என்று. அதையும் அளந்து பார்க்கலாம்.

உங்கள் என்ஜின் 5,600 ஆர்பிஎம்மில் 355 குதிரைத்திறன் தருகிறது. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை 5.3 லிட்டர் காற்றை இழுக்கும். சிலிண்டர் 90 சதவீதம் நிரம்புகிறது என்று வைத்தால், நொடிக்குச் சுமார் 220 லிட்டர். ஒரு டார் டிரம்மைவிடக் கொஞ்சம் அதிகமான காற்று ஒவ்வொரு நொடியும் அந்த ஃபில்டர் வழியாகப் போகிறது. இந்த ஓட்டத்தில் கம்பெனிப் பெட்டி, குழாய், ஃபில்டர் மூன்றும் சேர்ந்து 15 அங்குலத் தண்ணீர் அளவுக்கு அழுத்தத்தைக் குறைக்கின்றன என்று வையுங்கள். அது 3.7 கிலோபாஸ்கல், அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தில் 3.7 சதவீதம். புது செட் அந்தத் தடையைப் பாதியாக்கினால் 1.8 சதவீதம் கூடுதல் காற்று. 355-ல் 1.8 சதவீதம் ஆறு குதிரைத்திறன். நான் சொன்ன ஐந்தாறு இதுதான். முழு ஆக்சிலேட்டர், உச்ச ஆர்பிஎம் இரண்டும் சேர்ந்தால்தான் இதுவும்.

இப்போது நீங்கள் தினமும் வண்டி ஓட்டும் விதத்துக்கு வருவோம். நெடுஞ்சாலையில் 70 மைல் வேகத்தில் சீராகப் போகும்போது உங்கள் வண்டி மணிக்குச் சுமார் 13 லிட்டர் பெட்ரோல் குடிக்கும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று. அப்படிக் கணக்குப் போட்டால் நொடிக்கு 35 லிட்டர் காற்றுதான் தேவை, உச்சத்தில் தேவைப்பட்டதில் ஆறில் ஒரு பங்கு. ஓட்டம் ஆறில் ஒன்றானால் தடை ஆறில் ஒன்றாகக் குறைந்து நிற்காது. ஏறக்குறைய ஓட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும், அதாவது நாற்பதில் ஒரு பங்கு. 15 அங்குலம் அரை அங்குலத்துக்கும் கீழே வந்துவிடும். அதே நேரத்தில், ஃபில்டரைத் தாண்டி இருக்கும் த்ராட்டில் தட்டு, அதாவது ஆக்சிலேட்டரை மிதிப்பதற்கேற்பக் காற்று வழியைத் திறந்து மூடும் தட்டு, பாதிக்குமேல் மூடியிருக்கும். வெளியே 101 கிலோபாஸ்கல் என்றால் தட்டைத் தாண்டி மேனிஃபோல்டுக்குள் ஐம்பது சொச்சம். தண்ணீர் அளவில் சொன்னால் அந்தத் தட்டு மட்டும் 200 அங்குலத் தடையைப் போட்டுக்கொண்டு நிற்கிறது. உங்கள் கால்தான் அதை அப்படி வைத்திருக்கிறது, 70 மைலுக்கு அதற்குமேல் காற்று வேண்டியதில்லை என்பதால்.

மடையின் பலகையைப் பாதி இறக்கி வைத்துவிட்டு, மேலே வாய்க்காலை அகலமாக வெட்டினால் வயலுக்குத் தண்ணீர் கூடுதலாக வருமா? அதே கதைதான் இங்கேயும். அகலமான வாய்க்காலால் கொஞ்சம் கூடுதல் காற்று வந்தாலும், வேகம் கூடிவிட்டதே என்று உங்கள் கால் தானாகவே த்ராட்டிலை ஒரு மயிரிழை மூடிவிடும். என்ஜினுக்குள் போகும் காற்றும் பெட்ரோலும் பழைய அளவிலேயே நிற்கும்.

மைலேஜைப் பற்றி ஊகமாகப் பேச வேண்டியதே இல்லை. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் இதைச் சோதித்துப் பார்த்து வெளியிட்டது. எரிபொருள் இன்ஜெக்‌ஷன் உள்ள நவீன கார்களில், ஃபில்டரை வேண்டுமென்றே நன்றாக அடைத்துவைத்து ஓட்டினார்கள். மைலேஜில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றமில்லை. சுத்தமான ஃபில்டர் போட்டபோது ஆக்சிலரேஷன் மட்டும் 6 முதல் 11 சதவீதம் முன்னேறியது. ஒப்பீட்டுக்காக கார்புரேட்டர் உள்ள 1972 டாட்ஜ் சார்ஜர் ஒன்றையும் சோதித்தார்கள். அதில் மட்டும் அடைத்த ஃபில்டரால் மைலேஜ் குறைந்தது. கார்புரேட்டர் காலத்து அனுபவத்தை வைத்துக்கொண்டுதான் இன்னமும் பலர் 'ஃபில்டரைத் திறந்துவிட்டால் பெட்ரோல் மிச்சம்' என்று சொல்கிறார்கள். நன்றாக அடைத்த ஃபில்டரே உங்கள் என்ஜினின் மைலேஜைக் கெடுக்கவில்லை என்றால், சுத்தமாக இருக்கும் கம்பெனி ஃபில்டரை மாற்றி எதை மிச்சம் பிடிப்பது?

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும், பலருக்கு இது ஆச்சரியமாக இருக்கும். சீரான வேகத்தில் குளிர்ந்த காற்று மைலேஜைக் கொஞ்சம் குறைக்கவே செய்யும். காற்று அடர்த்தியாக இருந்தால் அதே சக்திக்கு த்ராட்டிலை இன்னும் மூட வேண்டியிருக்கும், மூடிய தட்டுக்கு எதிராகக் காற்றை உறிஞ்சுவதற்கே என்ஜின் சக்தியைச் செலவழிக்கும். 1970-களின் அமெரிக்க கார்களில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைச் சுற்றி ஒரு தகர உறை வைத்து, அங்கிருந்து ஒரு குழாயால் சூடான காற்றை ஏர் கிளீனருக்குக் கொண்டுவந்தார்கள். குளிர் நேரத்தில் பெட்ரோல் நன்றாக ஆவியாக, காற்றைச் சூடாக்கித்தான் கொடுத்தார்கள். என்ஜினுக்கு எப்போதும் குளிர்ந்த காற்றுதான் நல்லது என்பது பந்தய வண்டிக்காரர்களின் பேச்சு.

"மாட்டினதும் வித்தியாசம் தெரிஞ்சுது" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. எனக்கும் தெரிந்தது. அதற்குக் காரணம் சத்தம். கம்பெனிக் குழாயின் பக்கவாட்டில் உள்ளே ஒன்றுமில்லாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். காற்று உறிஞ்சும் இரைச்சலை அடக்குவதற்காக வைத்த ஒத்ததிர்வு அறை அது. புது செட்டில் அது இருக்காது. மிதித்த உடனே முன்னாலிருந்து ஓர் உறுமல் கேட்கும், வண்டி பாய்வதாக மனசுக்குப் படும். அந்தச் சத்தம் உங்களுக்குப் பிடித்திருந்தால், அதற்காகவே 400 டாலர் கொடுக்கிறேன் என்றால், அதில் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை. குதிரைத்திறனுக்கு என்று மட்டும் கொடுக்காதீர்கள்.

வண்டியின் சக்தியை அளக்கும் டைனோ இயந்திரத்தின் பேப்பரைக் காட்டுவார்கள். அதை எப்படி எடுத்தார்கள் என்று கேளுங்கள். பானெட்டைத் திறந்து வைத்து, முன்னால் பெரிய ஃபேனை ஓடவிட்டு எடுத்தால் என்ஜின் அறையின் சூடு எதுவும் கணக்கில் வராது. நீங்கள் பானெட்டைத் திறந்துகொண்டா ஓட்டுவீர்கள்? அதே வண்டியை அதே டைனோவில் பத்து நிமிட இடைவெளியில் இரண்டு முறை ஓட்டினாலே ஒன்று, இரண்டு சதவீதம் முன்னே பின்னே வரும். சக்கரத்தில் 300 குதிரைத்திறன் என்றால் அதுவே மூன்று முதல் ஆறு. இந்தச் செட் உண்மையில் தரக்கூடிய லாபமும் அதே அளவுதான். ஒரே ஒரு 'முன்', ஒரே ஒரு 'பின்' கோடுகளை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு, பொதுவாக யாரும் வாங்குபவரிடம் சொல்வதில்லை. ஃபில்டருக்கு அடுத்து குழாயில் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சர் இருக்கிறது. உள்ளே மெல்லிய சூடான கம்பி. காற்று அதைக் குளிர்விக்கும், சூட்டைத் தக்கவைக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்பதை வைத்து ஈசியூ, அதாவது என்ஜினின் கணினி, காற்றின் எடையைக் கணக்கிடும். ஆனால் அந்தக் கம்பி குழாயின் நடுவில் ஒரு சிறு பகுதியின் காற்றை மட்டும்தான் பார்க்கிறது. மொத்தம் எவ்வளவு என்பது அந்தக் குழாயின் விட்டத்தை வைத்து முன்கூட்டியே பதிந்து வைத்த கணக்கு. புதுக் குழாயின் விட்டம் அந்த இடத்தில் 5 சதவீதம் பெரிதாக இருந்தால், பரப்பு 10 சதவீதம் கூடும், கம்பியைக் கடக்கும் காற்றின் வேகம் 9 சதவீதம் குறையும், ஈசியூவும் அந்த அளவுக்குக் குறைவாகவே காற்று வருகிறது என்று நினைத்துக்கொள்ளும். பெட்ரோலையும் அதற்கேற்பக் குறைத்துக் கொடுக்கும். மெதுவாகப் போகும்போது எக்ஸாஸ்டில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சர் பார்த்துச் சரிசெய்துவிடும். முழு ஆக்சிலேட்டரில் ஈசியூ அந்தச் சென்சரின் சொல்லைக் கேட்டு நடப்பதில்லை, பதிந்த கணக்கின்படியே ஊற்றும். பாரம் இழுக்கும்போது பிஸ்டனையும் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டரையும் சூட்டிலிருந்து காப்பாற்ற வண்டிக் கம்பெனி வேண்டுமென்றே கொஞ்சம் கூடுதல் பெட்ரோல் வைத்திருக்கும். அதைக் குறைத்தால் டைனோவில் சில குதிரைத்திறன் கூடிக் காட்டத்தான் செய்யும். சில செட்டுகளின் 'லாபம்' இப்படி வந்ததுதான். ஆகஸ்ட் வெயிலில் டிரெய்லரைக் கட்டிக்கொண்டு ஏற்றத்தில் போகும்போது 11:1 கம்ப்ரஷன் உள்ள என்ஜின் நாக் அடித்தால், அதாவது பெட்ரோல் தாறுமாறாக வெடித்துத் தட்டினால், அந்த லாபத்தின் விலை தெரியும். நல்ல தயாரிப்பாளர்கள் சென்சர் இருக்கும் இடத்தில் கம்பெனி விட்டத்தை அப்படியே வைக்கிறார்கள். வாங்கினால் அதை வெர்னியர் வைத்து அளந்து வாங்குங்கள்.

என் வண்டியில் நடந்ததைச் சொல்கிறேன். மாட்டி மூன்றாம் மாதம் செக் என்ஜின் விளக்கு எரிந்தது. கோடு பி0171, கூடவே பி0174. இரண்டு பக்கமும் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். சென்சரைக் கழற்றி லென்ஸ் வைத்துப் பார்த்தேன், கம்பியின் மேல் தேன் நிறத்தில் ஒரு படலம். எண்ணெய் தோய்த்த பருத்தி ஃபில்டர் அது, கழுவி எண்ணெய் தெளித்தபோது கொஞ்சம் அதிகமாகத் தெளித்துவிட்டேன். சென்சர் கிளீனர் ஸ்பிரே அடித்ததும் கோடு போய்விட்டது. ஆனால் சென்சரைக் கழற்றிய துளைக்குள் விரலை விட்டுக் குழாயின் உள்சுவரைத் தடவியபோது விரல் நுனியில் வெள்ளை மாவு ஒட்டிக்கொண்டு வந்தது. அந்தக் காலத்தில் நான் மாதம் இருமுறை மிட்லண்ட், ஒடெஸா பக்கம் எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போய்வந்தேன். அங்கே சாலைகள் கலீச்சி எனும் சுண்ணாம்புக் கல்லைப் பரப்பியவை. முன்னால் ஒரு டேங்கர் போனால் பின்னால் வருபவருக்குச் சாலையே தெரியாது. அந்த மாவு ஃபில்டரைத் தாண்டி உள்ளே வந்திருக்கிறது. ஃபில்டருக்குப் பின்னால் விரலில் தூசி ஒட்டினால், அதே தூசி பிஸ்டன் ரிங்குக்கும் போயிருக்கிறது என்றுதான் பொருள். அடுத்த ஆயில் மாற்றும்போது ஆயிலைச் சோதனைக்கு அனுப்பினேன், தூசி கலந்ததைக் காட்டும் சிலிக்கன் அளவு முந்தைய அறிக்கையைவிடத் தெளிவாக ஏறியிருந்தது. அன்று மாலையே கம்பெனிப் பெட்டியைத் தேடி எடுத்துத் திரும்ப மாட்டினேன்.

நல்ல காகித ஃபில்டர் தூசியில் 99 சதவீதத்துக்கும் மேல் பிடித்துவிடும். பருத்தி ஃபில்டர்கள் பெரும்பாலும் அதைவிடக் கொஞ்சம் கீழே. ஒன்றிரண்டு சதவீதம்தானே என்று தோன்றும். தப்பித்து உள்ளே போவதைப் பார்க்க வேண்டும்: 99.5 பிடிப்பது அரை சதவீதத்தை விடுகிறது, 97.5 பிடிப்பது இரண்டரையை விடுகிறது. உள்ளே போகும் தூசி ஐந்து மடங்கு. ரிங்கையும் லைனரையும் அரிப்பதில் 5 முதல் 20 மைக்ரான் அளவுள்ள துகள்தான் மோசம், கண்ணுக்கே தெரியாதது. தலைமுடியின் தடிமன் எழுபது மைக்ரான் பக்கம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். தார்ச்சாலையில் மட்டும் ஓட்டுபவருக்கு இது பெரிய விஷயமில்லை. மண்சாலை, கல்குவாரி, வயல் என்று போகிறவர்கள் விளையாடக் கூடாத இடம் இது.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. சில செட்டுகள் ஃபில்டரைக் கீழே, பம்பருக்குப் பின்னால் இறக்கிவைக்கின்றன. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயலில் ஹூஸ்டன் மூழ்கியதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். தேங்கிய நீரில் ஃபில்டர் முங்கினால் சிலிண்டருக்குள் தண்ணீர் போகும், தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். அதோடு என்ஜின் போச்சு. கம்பெனி அந்த வாயை மேலே வைத்ததற்குக் காரணம் உண்டு. உங்களுடையது 2017 மாடல், ஹூஸ்டனில் வாங்கியது என்பதால், வெள்ளத்தில் மாட்டிய வண்டியா என்று பத்திரத்தையும் சீட்டுக்கு அடியில் இருக்கும் வயர் பிளக்குகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

உங்கள் வண்டியில் தடை உண்மையில் எவ்வளவு என்று நீங்களே அளக்கலாம், ஐந்து டாலர்கூட ஆகாது. மீன் தொட்டிக்கு விற்கும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டியூப் நாலு மீட்டர் வாங்குங்கள். ஒரு முனையை ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே குழாயில் இருக்கும் சின்ன நிப்பிளில் மாட்டுங்கள். மறுபாதியை ஒரு பலகையில் 'ப' எழுத்து மாதிரி வளைத்து, அருகில் அளவுகோலை ஒட்டி, சாயம் கலந்த தண்ணீரைப் பாதி உயரத்துக்கு ஊற்றுங்கள். பலகையைப் பக்கத்துச் சீட்டில் ஒருவர் நேராகப் பிடித்துக்கொள்ளட்டும். பள்ளிக்கூடத்தில் பார்த்த அதே மானோமீட்டர்தான். சமமாக நின்ற தண்ணீர் ஒரு பக்கம் ஏறும், மறு பக்கம் இறங்கும், இரண்டுக்கும் உள்ள உயர வித்தியாசம்தான் தடை. சீராக ஓட்டும்போது தண்ணீர் அசைவதே தெரியாது. பாதுகாப்பான நுழைவுச் சாலை ஒன்றில் முழுக்க மிதித்தால்தான் ஏறும். இதைக் கண்ணால் பார்த்தபின் என்னிடம் யாரும் மைலேஜ் கதை பேசியதில்லை.

இந்தச் செட்டுகள் எதற்குமே உதவாது என்று நான் சொல்லவில்லை. என்ஜினில் கேம் மாற்றி, சூப்பர்சார்ஜர் வைத்து, ஈசியூவைப் புதிதாக டியூன் செய்து, நொடிக்கு 220 லிட்டர் என்பதை 300-க்கு மேலே கொண்டுபோகிறவருக்குக் கம்பெனிக் குழாய் உண்மையிலேயே இடைஞ்சல்தான். அப்போது பெரிய இன்டேக் தேவை, டியூனும் அதற்கேற்பச் செய்யப்படும். தனியாக அதை மட்டும் மாட்டுவதுதான் வீண். சட்டம், வாரண்டி விஷயத்தில் சுருக்கமாக: கலிஃபோர்னியாவின் காற்று வளத் துறை அனுமதித்த செட்டுகளில் அனுமதி எண் உள்ள ஸ்டிக்கர் இருக்கும், டெக்சஸில் இருந்தாலும் அது உள்ளதையே எடுங்கள். வேறு கம்பெனி பாகம் மாட்டியதற்காக மட்டுமே வாரண்டியை ரத்து செய்ய 1975-ன் மேக்னசன் மாஸ் சட்டம் இடம் தராது. ஆனால் அந்தப் பாகத்தால்தான் கோளாறு வந்தது என்று காட்ட முடிந்தால் மறுக்கலாம். எண்ணெய் படிந்த சென்சர் அதற்குச் சுலபமான சாட்சி.

இனி மாமாவின் லாரி. இங்கே கணக்கே வேறு. டீசலில் த்ராட்டிலால் சக்தியைக் கட்டுப்படுத்துவதில்லை, ஊற்றும் டீசலின் அளவுதான் சக்தி. முழு லோடிலும் எரிவதற்குத் தேவையானதைவிடக் கூடுதல் காற்று ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. இன்னும் கொஞ்சம் காற்றைச் சேர்த்தால், ஈசியூ டீசலைக் கூட்டாத வரைக்கும் சக்தி கூடாது.

குளிர்ந்த காற்று என்ற விஷயத்தையும் பார்ப்போம். வெளியே 30 டிகிரி, டர்போவுக்குள் போகும் காற்று 40 டிகிரி என்று வையுங்கள். டர்போ அதை இரண்டரை மடங்கு அழுத்தத்துக்கு அமுக்கும்போது, 70 சதவீதத் திறனில், காற்று 174 டிகிரிக்குப் போய்விடும். அதை டர்போவுக்கும் என்ஜினுக்கும் நடுவே இருக்கும் இன்டர்கூலர் என்ற குளிரூட்டி 52 பக்கம் இறக்குகிறது. இப்போது பெரிய செலவு செய்து, டர்போவுக்குள் போகும் காற்றைச் சரியாக 30 டிகிரிக்கே கொண்டுவந்துவிட்டோம். டர்போவிலிருந்து வெளியே வருவது 160. நல்ல முன்னேற்றம் போலத் தெரிகிறது. இன்டர்கூலரைத் தாண்டியபின் பாருங்கள்: 49 அல்லது 50. பத்து டிகிரி குறைத்த உழைப்பில் என்ஜினுக்குப் போய்ச் சேர்ந்தது இரண்டு டிகிரி. அதே நேரத்தை இன்டர்கூலரின் முன்பக்கம் அடைந்திருக்கும் பூச்சி, வைக்கோல் துரும்பு, தூசி இவற்றைத் தண்ணீர் அடித்துக் கழுவுவதில் செலவிட்டால் அதைவிட அதிகம் குளிரும். லாரியின் காற்று வாய் எப்படியும் கேபினுக்குப் பின்னால் உயரத்தில் வெளிக்காற்றில்தான் இருக்கிறது.

மாமா செய்ய வேண்டியவை வேறு. ஏர் கிளீனர் பெட்டியிலோ குழாயிலோ சின்னக் கண்ணாடி மாதிரி ஒரு ரெஸ்ட்ரிக்‌ஷன் இண்டிகேட்டர் இருக்கும். டர்போ டீசல்களில் பொதுவாக 25 அங்குலத் தண்ணீர் தடை வந்ததும் சிவப்புப் பட்டை மேலே வந்து நிற்கும். புது வண்டிகளில் அந்த எச்சரிக்கை டாஷ்போர்டிலேயே வரலாம். அது வரும்வரை ஃபில்டரைத் தொட வேண்டாம். அடிக்கடி திறந்து பார்ப்பதே தூசிக்கு வழிவிடும். கொஞ்சம் தூசி படிந்த ஃபில்டர் புதியதைவிட நன்றாகவே வடிகட்டும், படிந்த தூசியே வலைபோல வேலை செய்வதால்.

நம் ஊர் பட்டறைகளில் ஃபில்டரைக் கழற்றி டயரில் நாலு தட்டு தட்டி, காற்றடிக்கும் கம்ப்ரெஸர் குழாயை நேராகக் காகிதத்தின் மேல் வைத்து அடிப்பார்கள். பஞ்சர் கடை கம்ப்ரெஸரில் எட்டு, பத்து பார் அழுத்தம் இருக்கும். அந்த அடியில் காகிதத்தில் ஊசித்துளை விழும், தட்டுவதில் ரப்பர் சீலின் விளிம்பு நசுங்கும். பிறகு அந்த ஃபில்டர் இருந்தும் இல்லாததுபோலத்தான். வண்டியின் கையேடு அனுமதித்தால் மட்டும், 2 பாருக்கு மேல் போகாமல், உள்ளிருந்து வெளியே, தள்ளிப் பிடித்து அடிக்கச் சொல்லுங்கள். அப்புறம் பழைய மெக்கானிக்குகள் செய்வதைச் செய்யட்டும்: இருட்டான இடத்தில் ஃபில்டருக்குள் ஒரு பல்பை எரியவிட்டு வெளியே சுற்றிப் பார்ப்பது. எங்கேயாவது நட்சத்திரம் மாதிரி ஒளிப்புள்ளி தெரிந்தால் அந்த ஃபில்டர் குப்பைக்கு. உள்ளே இன்னொரு சின்ன ஃபில்டர் இருக்கும், காவலுக்கு வைத்தது. அதைக் கழுவவோ ஊதவோ கூடாது, அழுக்கானால் மாற்ற வேண்டியதுதான். அது அழுக்காகிவிட்டது என்றாலே வெளி ஃபில்டரில் ஓட்டை என்று பொருள்.

ஏர் கிளீனரிலிருந்து டர்போ வரை வரும் ரப்பர் ஹோஸையும் கிளிப்புகளையும் கையால் அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். டர்போ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்குப் பக்கத்தில் சுழலும். ஒரு கிளிப் தளர்ந்தால் ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு வரும் மணல், அந்த வேகத்தில் சுழலும் இறக்கையின் நுனியை உப்புத்தாள் மாதிரி தேய்த்துவிடும். ஹோஸைக் கழற்றி உள்ளே வெள்ளைத் துணியால் ஒரு தடவை துடைத்தால் போதும். துணி சுத்தமாக வந்தால் எதையும் மாற்ற வேண்டாம். மண் நிறம் ஒட்டினால், அன்றைக்கே எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டுத்தான் அடுத்த லோடு ஏற்ற வேண்டும்.

உங்கள் சில்வராடோவுக்கும் அதே துணிச் சோதனைதான். கம்பெனி காகித ஃபில்டர் 30 டாலர் பக்கம் வரும், புதிதாகப் போடுங்கள். பெட்டியின் நாலு பக்கமும் கிளிப் சரியாக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். மீதிக் காசில் நாலு டயரின் நிலைமையைப் பாருங்கள், பழைய வண்டி என்பதால் டிரான்ஸ்மிஷன் ஆயிலையும் மாற்றிவிடுங்கள். அந்த டியூப் சோதனையைச் செய்து பார்த்தால், தண்ணீர் எத்தனை அங்குலம் ஏறியது என்று எழுதுங்கள். 20-க்கு மேலே போனால் கிரிலுக்குப் பின்னால் குழாயின் வாயை இலையோ எலிக்கூடோ அடைத்திருக்கிறதா என்று முதலில் தேடுவோம்.